கேள்வி என்னும் கடமை: பள்ளியில் குழந்தைப் பாதுகாப்பும் தமிழ் அறமரபும் – பாலகாட் சூழலை முன்வைத்து

முன்னுரை

தமிழ் அறநூல்கள் கல்வியை அடுத்துக் கேள்வியை வைத்துப் போற்றுகின்றன. திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களைத் தொடர்ந்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வி அமைந்துள்ளது. அங்குச் சொல்பவர் கற்றறிந்தோர். கேட்பவர் கற்க விரும்புவோர். சொல்லும் உரிமை மூத்தோரிடத்தும் கேட்கும் கடமை இளையோரிடத்தும் அமைவதே மரபு கண்ட இயல்பான நிலையாகும். பள்ளியில் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேரும்போது இந்நிலை மாறிவிடுகிறது. நேர்ந்ததை அறிந்திருப்பது குழந்தை, அறியாதிருப்போர் மூத்தோர். அப்பொழுது குழந்தை சொல்லவும் ஆசிரியர் கேட்கவும் வேண்டியுள்ளது. இம்மாற்றத்தை ஏற்கும் மனப்பயிற்சி நம் கல்விச் சூழலில் உண்டா என்பது எண்ணத்தக்கது.

பள்ளியில் குழந்தையின் பாதுகாப்பு ஆசிரியரின் நற்பண்பை மட்டும் நம்பி அமையத்தக்கதா, அன்றிக் குழந்தையின் சொல்லைக் கேட்டாக வேண்டும் என்னும் கடமையின்மேல் அமையத்தக்கதா என்னும் அறவியல் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. நன்னூல், திருக்குறள் ஆகியவற்றின் கருத்துகளும் அண்மைக்காலச் சட்டங்களும் தீர்ப்புகளும் இதற்கு ஆதாரங்களாகக் கொள்ளப்படுகின்றன. கோலார் தங்கவயலைச் சேர்ந்த பாலகாட் இவ்வினாவை வைத்துப் பார்க்கும் களமாக அமைகிறது.

பாலகாட்: களமும் சூழலும்

கர்நாடக மாநிலம், கோலார் மாவட்டத்திலுள்ள கோலார் தங்கவயலின் சுரங்கப் பகுதிகளுள் பாலகாட்டும் ஒன்று. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனத்தார் தங்கவயலில் கால்கொண்ட பின்னர், வடஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் உழைக்கும் மக்கள் இங்கு வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர். சுரங்கங்கள் 1956இல் மைசூர் அரசிடமும் 1962இல் நடுவணரசிடமும் வந்தன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

சுரங்கம் மூடப்பட்டதன் விளைவுகளைப் பொருளாதார இழப்பாகவே பலரும் கணக்கிட்டுள்ளனர். குழந்தை வளர்ப்பில் நேர்ந்த மாற்றமும் அதற்கு இணையாக நோக்கத்தக்கது. சுரங்கம் இயங்கிய காலத்தில் வேலையும் வீடும் அருகருகே இருந்தன. இன்று தங்கவயல் மக்கள் பலர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் வீடு சேரும் தாய் தந்தையர், குழந்தையின் முகவாட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் காண்பது ஞாயிற்றுக்கிழமையில்தான். இத்தகைய வீடுகளில் பள்ளி என்பது கல்வி நிலையமாக மட்டும் நிற்பதில்லை. குழந்தையின் விழித்திருக்கும் பொழுதில் பெரும்பகுதிக்குக் காவலாகவும் அதுவே அமைகிறது.

இதனோடு மொழியும் சேர்கிறது. வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கன்னடமும் வழங்கும் நிலையில், தனக்கு நேர்ந்ததைக் குழந்தை எம்மொழியில் சொல்லும் என்னும் வினா எழுகிறது. இப்பகுதியைக் களமாகக் கொண்டது இங்கு நிகழ்ந்த எக்குற்றத்தையும் சுட்டுதற்காக அன்று. பெற்றோரின் தொலைவு, மொழியின் இடைவெளி, வறுமை ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும் இடத்தில் பள்ளியின் அறக்கடமை எவ்வளவு கனமாகிறது என்பதைக் காட்டுதற்கேயாகும்.

நன்னூல் காட்டும் ஆசிரியரும் மாணாக்கரும்

பாலகாட்டுக்கும் நன்னூலுக்கும் ஒரு வரலாற்று உறவு உண்டு. பவணந்தி முனிவரை நன்னூல் இயற்றுமாறு வேண்டிய சீயகங்கன் கங்கர் குலத்தவன். அக்குலத்தாரின் பழந்தலைநகரான குவளாலபுரமே இன்றைய கோலார். ஆகவே, ஆசிரியர் யார், மாணாக்கர் யார் என்பதற்குத் தமிழில் விரிவாக இலக்கணம் வகுத்த நூலைக் கோலார் மண்ணில் வைத்து வாசிப்பது பொருத்தமுடையது எனலாம்.

நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியரை நிலத்திற்கும் மலைக்கும் நிறைகோலுக்கும் மலருக்கும் ஒப்பிடுகிறது. அதனோடு நில்லாமல், ஆசிரியராகத் தகாதவர் யாவர் என்பதையும் தனியே எடுத்துரைக்கிறது. இழிந்த குணம், பொறாமை, பேராசை, வஞ்சம் ஆகியவற்றோடு, கேட்போர் அஞ்சுமாறு பேசுதலையும் தகாதவரின் இயல்பாகச் சேர்த்துள்ளது. மாணாக்கரை அச்சுறுத்துவதை ஆசிரியப் பணிக்கே தகுதியின்மையாகக் கண்ட இம்மரபு பெருமைக்குரியது. பிரம்பே கல்விக்குத் துணை என்று நம்புவோர் மரபின் பெயரால் பேசுவதற்கு நன்னூலில் இடமில்லை.

எனினும், நன்னூல் மாணாக்கருக்கு வகுத்த ஒழுக்கத்தில் மற்றொரு கூறும் காணப்படுகிறது. குளிர்காய்வோர் நெருப்பினிடத்து நிற்பதுபோல, மிக நெருங்காமலும் மிக விலகாமலும் மாணாக்கர் ஆசிரியரிடத்து ஒழுக வேண்டும் என்பது அதன் கருத்து. உவமை அழகியது, ஆயினும் அது பொறுப்பை யாரிடம் வைக்கிறது என்பது ஆராயத்தக்கது. நெருப்புக்குக் கடமை ஏதுமில்லை. சுட்டுவிடாதபடி தூரத்தை அளந்து நிற்க வேண்டியவர் குளிர்காய்பவரே. ஆசிரியரை நாடிச் சென்று பாடங்கேட்ட வளர்ந்த மாணாக்கருக்கு அவ்வளவை கைவந்திருக்கலாம். ஐந்து வயதில் பள்ளிக்கு அனுப்பப்படும் குழந்தைக்கு அது கைவராது. சட்டப்படி பள்ளிக்கு வந்தே ஆக வேண்டிய குழந்தை, ஆசிரியரைத் தேர்ந்து வருவதுமில்லை. விலகிச் செல்லும் உரிமை பெற்றதுமில்லை.

மேலும், ஆசிரியராகத் தகாதவரைப் பற்றிக் கூறும் நன்னூல், ஒருவர் தகாதவர் என்பதை யார் சொல்வது, யாரிடம் சொல்வது என்பதைக் கூறவில்லை. இலக்கண நூலில் அதனை எதிர்பார்க்கவும் இயலாது. ஆனால் அவ்விடைவெளியை நிரப்பாமலேயே நாம் நெடுங்காலம் இருந்துவிட்டோம். தூரத்தைக் காக்கும் பொறுப்பைக் குழந்தையிடமிருந்து பெற்று ஆசிரியரிடமும் பள்ளியிடமும் ஒப்படைப்பதே இக்காலச் சட்டங்கள் செய்துள்ள அடிப்படை மாற்றம் என்று கொள்ளலாம்.

அடியும் அனுமதியும்

‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழியும், ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்’ என்று ஆசிரியரிடம் பெற்றோர் கூறும் வழக்கும் தமிழரிடையே நெடுங்காலமாக வழங்குபவை. திண்ணைப் பள்ளிகளில் மாணவனைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் இருந்தது. இவற்றுக்குப் பின்னால் வன்மம் இருந்தது என்று கூறுதல் பொருந்தாது. தாம் பெறாத கல்வியைத் தம் பிள்ளை எவ்விலை கொடுத்தேனும் பெற வேண்டும் என்னும் ஏழைப் பெற்றோரின் ஏக்கமே அவ்வழக்கில் ஒலிக்கிறது.

ஏக்கம் நியாயமானது, அதற்காகக் கொடுக்கப்படும் அனுமதி நியாயமானதா என்பதே வினா. பெற்றோர் தம் பொருளைப் பிறருக்கு ஈயலாம். குழந்தையின் உடல் பெற்றோரின் பொருளன்று. பெற்றோரிடம் காக்கக் கொடுக்கப்பட்டது. காவலாக வைத்திருப்பதை அழிக்கும் உரிமையைக் காவலர் மற்றொருவருக்கு வழங்க இயலாது. எனவே இவ்வனுமதி அறத்தின்படி தொடக்கத்திலேயே செல்லாததாகிறது.

சட்டமும் இம்முடிவையே படிப்படியாக வந்தடைந்தது. 2000ஆம் ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம் பள்ளி விதிகளில் உடல் தண்டனைக்கு இடமளித்த பகுதியைச் செல்லாதென அறிவித்தது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் கல்வி விதிகள் திருத்தப்பட்டு உடல் தண்டனை விலக்கப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்தளவிலான துன்புறுத்தலையும் நாடு முழுமைக்கும் தடைசெய்தது. இதற்கு முன்னர் நடுவணரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கண்டு நிகழ்த்தப்பட்டது. பள்ளி செல்லும் குழந்தைகளுள் 65 விழுக்காட்டினர் உடல் தண்டனைக்கு உள்ளானதாகக் கூறியுள்ளனர். ஏதேனும் ஒருவகைப் பாலியல் தீங்குக்கு உள்ளானதாகக் கூறிய குழந்தைகள் 53.22 விழுக்காட்டினர்.

இவ்விரு எண்ணிக்கைகளும் ஒரே ஆய்வில் அடுத்தடுத்து நிற்பது சிந்தனைக்குரியது. உடல் தண்டனையையும் பாலியல் தீங்கையும் ஒன்றெனக் கூறுதல் தவறு. நோக்கமும் தன்மையும் வேறானவை. ஆனால் அடி குழந்தைக்கு ஒரு பாடத்தைக் கற்பிக்கிறது: பெரியவர் ஒருவர் உன் நன்மைக்கென்று கூறி உன் உடலைத் தொடலாம், வருத்தலாம், அதைப் பற்றி முறையிட்டால் வீட்டில் மேலும் அடி கிடைக்கும். இப்பாடத்தை நன்கு கற்ற குழந்தை, வேறு நோக்கத்தோடு நீளும் கையை அடையாளம் கண்டாலும் வாய்திறப்பதில்லை. அவ்வாய்வில் தீங்குற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவில்லை என்பதும், தீங்கிழைத்தோருள் பாதியளவினர் குழந்தைக்கு அறிமுகமானவர்களோ நம்பிக்கைக்குரிய நிலையில் இருந்தவர்களோ என்பதும் இத்தொடர்பில் எண்ணத்தக்கவை.

மௌனத்திற்குக் கூறப்படும் நியாயங்கள்

குழந்தை வாய்திறந்த பின்னும் பெரியோர் மறைப்பதுண்டு. அதற்குக் கூறப்படும் காரணங்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தின் மொழியிலேயே அமைகின்றன. பெண்ணின் எதிர்காலம், குடும்பத்தின் மானம், பள்ளியின் நற்பெயர், தவறு செய்தவரின் குடும்பம் என்பன அவை. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். மறைப்போர் இக்கருத்தைத் தமக்குத் துணையாகக் கொள்ளக்கூடும். ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை கடுமையானது. நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும். மறைத்தலால் பள்ளிக்குப் பெயர் நிலைக்கலாம். குடும்பத்திற்கு அப்போதைய அமைதி கிட்டலாம். அதே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிற குழந்தைகளுக்கு அது தீங்காகிறது. ஒரு குழந்தையை விலையாகக் கொடுத்துப் பெறும் நன்மையைக் குற்றமற்றது என்று கூற இயலாது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012 நவம்பர் 14ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. போக்சோ என வழங்கும் இச்சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் அதனைக் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறுதல் 21ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. தமக்குக் கீழ்ப் பணிபுரிபவர் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. மௌனத்தைத் தனிமனிதரின் விருப்பமாகக் கருதிய நிலை இச்சட்டத்தால் மாறிற்று.

இரண்டு தீர்ப்புகள் இதனைத் தெளிவாக்குகின்றன. மகாராட்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதியில் தங்கியிருந்த பழங்குடிச் சிறுமியர் பாலியல் தீங்குக்கு உள்ளானதாக வழக்கு எழுந்தது. அச்சிறுமியருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் உண்மையை அறிந்தும் தெரிவிக்கவில்லை என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. அவர்மீதான வழக்கை உயர்நீதிமன்றம் நீக்கியபோது, உச்சநீதிமன்றம் 2022 நவம்பர் 2ஆம் நாள் அம்முடிவை மாற்றி, அறிந்தும் தெரிவிக்காமை கடுமையான குற்றம் எனக் கூறியது. இராசத்தான் மாநிலத்தில் ஓர் ஆசிரியர்மீது மாணவி ஒருவருக்குத் தீங்கிழைத்ததாகப் பதிவான வழக்கு, மாணவியின் தந்தைக்கும் ஆசிரியருக்கும் ஏற்பட்ட சமரசத்தின் அடிப்படையில் நீக்கப்பட்டது. வழக்கில் நேர்த்தொடர்பற்ற மூன்றாம் தரப்பினர் மேல்முறையீடு செய்தனர். 2024 நவம்பர் 7ஆம் நாள் உச்சநீதிமன்றம், இத்தகைய குற்றத்தைச் சமரசத்தால் முடித்துக்கொள்ள இயலாது என்று கூறி வழக்கை மீண்டும் நடத்தச் செய்தது.

இரண்டாம் வழக்கின் அறவியல் பொருள் ஆழமானது. குழந்தைக்கு நேர்ந்த தீங்கை மன்னிக்கும் உரிமை தந்தைக்கும் இல்லை என்பது இதனால் புலப்படுகிறது. அடிக்க அனுமதி தரும் உரிமை பெற்றோருக்கு இல்லை என முன்னர்க் கண்டதும் இதுவும் ஒரே கொள்கையின் இரு பக்கங்கள் எனலாம். தொடர்பற்ற அயலார் வழக்கை ஏற்று நடத்தியமை, குழந்தையின் பாதுகாப்பு குடும்பத்தின் தனிச்செய்தியாக நின்றுவிடாமல் ஊராரின் பொதுப்பொறுப்பாகும் நிலையைக் காட்டுகிறது.

மணியும் மொழியும்

நீதி வேண்டுவோர் அசைத்து முறையிடச் சோழன் அரண்மனை வாயிலில் தொங்கவிட்ட ஆராய்ச்சி மணியைத் தமிழர் அனைவரும் அறிவர். கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்ததையும் அரசன் தன் மகனுக்கே தண்டனை விதித்ததையும் பலரும் நீதியின் சிறப்பாக எடுத்துரைப்பர். அதற்கு முன்னதாக நோக்கத்தக்கது மணியின் அமைப்பு. பேச்சறியாத ஓர் உயிருக்கும் எட்டும் உயரத்தில் அது இருந்தது. அதன் ஒலிக்கு மொழி தேவைப்படவில்லை. ஒலி கேட்டபின் காரணத்தை அறிந்துகொள்ளும் பொறுப்பு அரசனுடையதாக இருந்தது.

பள்ளிகளில் இன்று புகார்ப் பெட்டிகள் வைக்கப்படுகின்றன. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் சுவர்களில் எழுதப்படுகிறது. இவை தேவையானவை. எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் பெட்டி எட்டாது. கையில் தொலைபேசி இல்லாத குழந்தைக்கு எண் எட்டாது. பாலகாட் போன்ற இடத்தில், எழுதத் தெரிந்த மொழி ஒன்றும் அழத் தெரிந்த மொழி மற்றொன்றுமாக இருக்கும் குழந்தைக்கு இரண்டுமே எட்டாமற் போகலாம். போக்சோ சட்டம் இதனை உணர்ந்துள்ளது. குழந்தைக்குப் புரியாத மொழியில் வாக்குமூலம் பதிவாகுமாயின் மொழிபெயர்ப்பாளர் அமர்த்தப்பட வேண்டும் என்று 19ஆம் பிரிவே கூறுகிறது. ஆனால் காவல் நிலையத்துக்கு வரும் சொல்லுக்கே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். வகுப்பறையிலேயே அடங்கிவிடும் சொல்லுக்கு அவர் துணைசெய்ய இயலாது. ஆகவே மொழிச் சிறுபான்மையர் வாழும் பகுதிகளின் பள்ளிகளில், குழந்தையின் வீட்டு மொழியறிந்த பெரியவர் ஒருவரேனும், குழந்தை அஞ்சாது அணுகத்தக்கவராக இருத்தல் இன்றியமையாதது. பள்ளியில் தாய்மொழியின் இடம் பற்றிய விவாதம் பெரும்பாலும் பண்பாட்டு உரிமையாகவே நடைபெறுகிறது. அது குழந்தையின் பாதுகாப்போடும் தொடர்புடையது என்பது இங்கு வலியுறுத்தத்தக்கது.

ஆசிரியரின் மதிப்பு: ஓர் எதிர்வாதம்

கேட்டலைக் கடமையாக்கினால் ஆசிரியர் அனைவரும் ஐயத்திற்கு உரியவராவர்; பொய்ப்புகார் பெருகும்; ஆசிரியர் மாணவர் இடையே உள்ள அன்பு வறண்டுவிடும் என்போர் உண்டு. இக்கருத்து எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத துன்பம் தரும் என்று தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் வள்ளுவரும் கூறுகிறார். அழும் குழந்தையின் தோளைத் தட்டவும் ஓர் ஆசிரியர் தயங்குவாராயின் அது கல்விக்கு இழப்பே.

இதற்கு விடையாக இரண்டு கருத்துகளைக் கூறலாம். முதலாவது, கேட்டலும் தீர்ப்பளித்தலும் வெவ்வேறு செயல்கள். குழந்தையின் சொல்லைக் கேட்டுப் பதிவுசெய்வது, குற்றஞ்சாட்டப்பட்டவரைக் குற்றவாளி என அறிவிப்பதாகாது. உண்மையை ஆராய்வதற்கு உரியோர் பள்ளிக்கு வெளியே உள்ளனர். சட்டமும் இரு பக்கமும் நோக்கியே அமைந்துள்ளது. தீய நோக்கோடு பொய்ப்புகார் தரும் பெரியவருக்கு 22ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது. பொய்யே சொல்லியிருந்தாலும் குழந்தைக்குத் தண்டனை இல்லை என்கிறது. புகார்கள் பள்ளிக்குள்ளேயே அமுக்கப்படும்போது வதந்தி வளர்கிறது. வதந்தியால் குற்றமற்ற ஆசிரியரே மிகுதியும் இழக்கிறார். முறையான ஆய்வு அவருக்கும் காவலாகும்.

இரண்டாவது, கண்காணிப்பு ஐயத்தின் அடையாளம் என்று கொள்வது பொருந்தாது. இதனைத் தங்கவயல் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்த சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடிப்பு பேரச்சமாக இருந்தது. தாங்கு தூண்களைச் சோதித்ததும் பாறையின் அதிர்வுகளைக் கருவிகளால் பதிவுசெய்ததும் அங்குப் பணிபுரிந்தோரை நம்பாமையால் அன்று. ஆபத்து எவருடைய நற்குணத்தையும் பார்த்து வருவதில்லை என்பதாலேயே அவை செய்யப்பட்டன. 2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள், பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர், ஆசிரியரல்லாதார் அனைவரின் பின்னணியையும் காலமுறைதோறும் காவல்துறை வழிச் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. அனைவர்க்கும் பொதுவான விதி எவரையும் இழிவுபடுத்துவதில்லை. வள்ளுவர் அஞ்சிய துன்பம் நம்பியபின் ஒருவரை மட்டும் ஐயுறுவதால் நேர்வது. முன்னரே யாவர்க்கும் விதித்த முறை அவர் வற்புறுத்திய தெளிவைச் சார்ந்தது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. ஆசிரியரின் நற்பண்பு கல்விக்கு உயிர்நாடி. ஆயினும் அதனை மட்டும் நம்பி அமையும் பாதுகாப்பு, அப்பண்பு இல்லாத இடத்தில் குழந்தையைக் கைவிடுகிறது. அச்சுறுத்துவோர் ஆசிரியராகார் என்ற நன்னூல் மரபு இக்காலச் சட்டத்திற்கு முரணானதன்று. தூரங்காக்கும் பொறுப்பை மாணாக்கரிடமிருந்து ஆசிரியரிடம் மாற்றுவதே அம்மரபில் செய்யவேண்டிய திருத்தம். குழந்தையின் உடலை வருத்த அனுமதி தரவும், நேர்ந்த தீங்கை மன்னித்து மறைக்கவும் பெற்றோருக்கோ பள்ளிக்கோ உரிமையில்லை. மொழி வேறுபடும் இடங்களில் குழந்தையின் மொழியறிந்த பெரியவர் பள்ளியில் இருத்தல் பாதுகாப்பின் ஒரு கூறாகும்.

கேட்கக் கசப்பான சொல்லையும் பொறுத்துக் கேட்கும் அரசனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்பது வள்ளுவர் கருத்து. அரசனுக்கு அவர் கூறிய அப்பண்பு இன்று தலைமையாசிரியரின் அறைக்கும் வகுப்பறைக்கும் உரியதாகிறது. பாலகாட்டிலிருந்து விடியுமுன் தொடர்வண்டி ஏறும் ஒரு தாய், தன் குழந்தையோடு தன் செவியையும் பள்ளியில் ஒப்படைத்துவிட்டே செல்கிறாள். மாலையில் அவள் திரும்பும்வரை அச்செவியாக இருப்பது ஆசிரியரின் கடமையாகும்.